சாலைச் சீற்றமும் ஜன்னல்வழிக் குப்பையும்

வாகன ஓட்டிகள் செய்யும் தவறுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதையே மறந்துவிடுவது கவனப்பிசகு. எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணித்து முந்த முயல்வது பிழை. வேகவரம்பைத் தெரிந்தே தாண்டுவதும், முன்னே செல்பவரின் வாலைப் பிடித்துக்கொண்டே விரட்டுவதும் மீறல். முதலிரண்டும் கவனம், அறிவு, பயிற்சி ஆகியவற்றோடு தொடர்புடையவை. மூன்றாவதோ ஓட்டுபவரின் மனப்பான்மையோடும், சாலையில் உடன்செல்லும் பிறரைப் பற்றி அவர் கொண்டிருக்கும் எண்ணத்தோடும் தொடர்புடையது. பின்னர் நடந்த ஆய்வுகளில், ஓட்டுநர்கள் விபத்துகளில் சிக்கிய வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கவனப்பிசகைக் காட்டிலும் மீறலே விபத்தோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. வண்டியை லாகவமாகக் கையாளத் தெரிந்தவர் நல்ல ஓட்டுநராகவும் இருப்பார் என்ற பரவலான நம்பிக்கையை இம்முடிவு அசைத்துப் பார்க்கிறது.

மீறல்களுக்குள்ளும் இருவகை உண்டு. அவசரத்தாலோ பழக்கத்தாலோ விதியைத் தாண்டுவது ஒன்று. குறிப்பிட்ட ஒரு மனிதரைக் குறிவைத்துச் சினத்தோடு செய்யப்படுவது மற்றொன்று. விடாமல் ஹாரன் அடிப்பது, பின்னாலிருந்து ஹை பீம் விளக்கைப் பாய்ச்சுவது, முந்திச் சென்று வேண்டுமென்றே பிரேக் போடுவது, வழிமறித்து இறங்கி வசைபாடுவது, கைநீட்டுவது என்று படிப்படியாக ஏறிச்செல்லும் இந்த இரண்டாம் வகையின் உச்சமே சாலைச் சீற்றம் எனப்படுகிறது. 1987-ஆம் ஆண்டுக் கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விரைவுச்சாலைகளில் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்ட நிகழ்வுகளுக்குப் பிறகே இது தனியொரு சமூகச் சிக்கலாகப் பேசப்படலாயிற்று. ஓடும் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலையோ சிகரெட் துண்டையோ வெளியே எறியும் செயல் இதனுடன் சேர்த்து எண்ணப்படுவதே இல்லை. அதில் சினம் கிடையாது, எதிராளி கிடையாது, பெரும்பாலும் எறிந்தவருக்கே அது நினைவில் நிற்பதும் கிடையாது. ஆயினும் கண்சிவக்க வைக்கும் அந்தக் கோபமும் கண்டுகொள்ளாமல் நிகழும் இந்த எறிதலும் ஒரே நிலத்தில் முளைப்பவை என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. வண்டிக்குள் அமர்ந்ததும் ஒருவருக்கு வெளியே இருப்பவர்கள் முகமற்றவர்களாகிவிடுகிறார்கள். தம் செயலுக்குத் தாமே பொறுப்பு என்ற உணர்வும் மங்கிவிடுகிறது.

முதலில் சினத்தின் உடலியலைச் சுருக்கமாகக் காணலாம். பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு வண்டி திடீரெனக் குறுக்கே புகும் கணத்தில் ஓட்டுநருக்கு ஏற்படுவது சினமன்று, அச்சமே. மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் சிறுபகுதி ஆபத்தை உணர்ந்து, சிந்தனை தொடங்குவதற்கு முன்பே உடலை உஷார்ப்படுத்துகிறது. அட்ரினலின் பெருகுகிறது, இதயத்துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகும் அந்நேரத்தில், ஓட்டுநரோ சீட் பெல்ட்டுக்குள் கட்டுண்டு அமர்ந்திருக்கிறார். ஆபத்து இரண்டு வினாடியில் விலகிவிட, அச்சமும் விலகிவிடுகிறது. எழுந்த கிளர்ச்சி மட்டும் பல நிமிடங்கள் உடலில் தங்குகிறது. இவ்வாறு எஞ்சிநிற்கும் கிளர்ச்சி அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு அதன் வலிமையைப் பெருக்கும் என்பதை டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் கிளர்ச்சி இடப்பெயர்வு என்ற கோட்பாடாக வகுத்தார். குறுக்கே புகுந்தவர் போன பின்பு, அடுத்த சிக்னலில் சற்றுத் தாமதித்த அப்பாவி ஒருவர் மீது பாயும் கோபத்தின் பெரும்பகுதி அவருக்கு உரியதே அன்று என்பது இதனால் விளங்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜாக் கேட்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டுநர்களின் கோபத்தை நுணுகி ஆராய்ந்து 1999-இல் வெளியான தம் நூலில் இன்னொரு கூறை எடுத்துக்காட்டினார். பழகிய ஓட்டுநருக்கு வண்டி ஒரு கருவியாக இருப்பதில்லை. முன் பம்பர் முடியும் இடத்தில்தான் அவருடைய உடலும் முடிகிறது. அதனால் தடம் மாறி உள்ளே நுழையும் வண்டி, இடத்தைப் பிடித்துக்கொண்டதாக அன்றி மேனியைத் தீண்டியதாகவே உணரப்படுகிறது. இதற்கு மறுமொழி சொல்லும் வழியும் அடைபட்டிருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் தெரியாமல் இடித்துவிட்டால், திரும்பிப் பார்க்கும் முகமும் ‘பார்த்து வாங்க’ என்ற ஒரு சொல்லும் பகையைத் தணித்துவிடும். சாலையில் எதிராளியின் முதுகும் சிவப்பு விளக்குகளுமே தெரிகின்றன; சொல்ல நினைப்பது எதுவாயினும் அது ஹாரன் என்ற ஒற்றை ஒலிக்குள் அடங்கியாக வேண்டும். எச்சரிக்கை, நன்றி, வேண்டுகோள், வசை எல்லாம் அதே ஒலிதான் என்பதால், கேட்பவர் தம் மனநிலைக்கேற்ப அதைப் பொருள்கொள்கிறார். பெரும்பாலும் வசையாகவே கொள்கிறார்.

பொருள்கொள்வதில் உள்ள இந்தச் சாய்வுதான் சாலைச் சீற்றத்தின் மையம். பிறர் செய்யும் செயலுக்குக் காரணம் தேடும்போது அவருடைய குணத்தையும், தாம் செய்யும் செயலுக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையையும் மனிதர்கள் முன்னிறுத்துகிறார்கள். இதன் முதற்பாதியை, அதாவது பிறருடைய சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிட்டுக் குணத்தைப் பெரிதுபடுத்தும் போக்கை, அடிப்படைக் காரணப் பிழை என்று 1977-இல் லீ ராஸ் பெயரிட்டார். தாம் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால், வழி தெரியாத ஊர். மற்றவர் திரும்பினால், அவர் திமிர் பிடித்தவர். தமிழ்நாட்டுச் சாலைகளில் குறுக்கே வருபவரை நோக்கி வீசப்படும் ‘வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா’ என்ற கேள்வி இச்சாய்வுக்கு நல்ல சான்று. குறுக்கே வந்தவர் எதைக் கவனிக்கத் தவறினார் என்று அக்கேள்வி ஆராய்வதில்லை. அவர் சாகத் துணிந்தவர் என்ற முடிவை முதலிலேயே எடுத்துவிடுகிறது.

இதனுடன் தன்மதிப்பீட்டுப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், குழுவிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தம் ஓட்டும் திறமையை மதிப்பிடுமாறு மாணவர்களிடம் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினரும், ஸ்வீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் தாங்கள் மேற்பாதியில் இருப்பதாகக் கூறினர். ஒரு குழுவில் பாதிப்பேருக்கு மேல் மேற்பாதியில் இருக்க இயலாது என்பது எளிய கணக்கு. தவறு செய்தாலும் விபத்து நேராமல் போகும் பயணங்களே மிகுதி என்பதால், சாலை ஒருவருடைய குறைகளை அவருக்குச் சுட்டிக்காட்டுவதே அரிது. பிறருடைய குறைகளையோ ஒவ்வொரு நிமிடமும் காட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் சாலையில் உள்ள கெட்ட ஓட்டுநர்கள் எல்லாரும் ‘மற்றவர்கள்’ ஆகிவிடுவது வியப்பன்று.

கோபம் கண்மூடித்தனமானது என்று சொல்லப்படுவதுண்டு. அது எவ்வளவு கணக்குப் போட்டு வெளிப்படுகிறது என்பதை அந்தோணி டூப், ஆலன் கிராஸ் இருவரும் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ, மென்லோ பார்க் ஊர்களில் நடத்தி 1968-இல் வெளியிட்ட சோதனை காட்டியது. சிக்னலில் முதலாவதாக நிற்கும் கார், பச்சை விளக்கு எரிந்த பின்பும் நகராமல் நின்றது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறாரா, எத்தனை வினாடி கழித்து அடிக்கிறார் என்பது ஒளிந்திருந்தவரால் குறிக்கப்பட்டது. நின்ற கார் சில முறை பளபளக்கும் கறுப்பு கிறைஸ்லர் இம்பீரியலாகவும், சில முறை துருவேறிய பழைய ஃபோர்டு போன்ற மலிவான வண்டியாகவும் இருந்தது. மலிவான வண்டிக்குப் பின்னால் நின்றவர்களில் 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தனர். ஆடம்பரக் காருக்குப் பின்னால் நின்றவர்களில் 50 விழுக்காட்டினரே அடித்தனர். மலிவான வண்டியின் பின் பம்பரைத் தம் வண்டியால் இடித்தே காட்டியவர்களும் இருவர் இருந்தனர். ஆய்வாளர்கள் இன்னொரு குழு மாணவர்களிடம், இத்தகைய நிலையில் எந்தக் காருக்கு விரைவில் ஹாரன் அடிப்பீர்கள் என்று கேள்வித்தாள் வழியாகவும் கேட்டனர். ஆண் மாணவர்கள் ஆடம்பரக் காருக்கே முதலில் அடிப்போம் என்று எழுதினர். தாளில் எழுதும்போது செல்வாக்கை எதிர்க்கும் துணிவு வருகிறது. சாலையிலோ எளியவர் மீதுதான் பொறுமை தீர்கிறது. இந்தச் சோதனையின் உண்மையான செய்தி ஹாரன் பற்றியது மட்டுமன்று. பின்னால் நின்றவரின் கோபம் அடக்க முடியாததாக இருந்திருந்தால், முன்னால் நிற்கும் காரின் விலை அதை அடக்கியிருக்காது. அடக்கும் ஆற்றல் இருந்தது. யார் பொருட்டு அதைச் செலவிடுவது என்பதில்தான் வேறுபாடு.

சூழலின் பங்கும் மறுக்கத்தக்கதன்று. அரிசோனா மாநிலத்தின் பாலைநில நகரமான ஃபீனிக்ஸில், டக்ளஸ் கென்ரிக்கும் ஸ்டீவன் மெக்ஃபார்லேனும் இதே போன்ற சோதனையை வெப்பத்தோடு இணைத்து நடத்தி 1986-இல் வெளியிட்டனர். வெப்பநிலை ஏற ஏற ஹாரன் ஒலியும் நேராக ஏறியது. கார் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தவர்களிடம், அதாவது ஏசி இல்லாதவர்களிடம், இத்தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. மே மாதத்து நண்பகலில் வேலூரிலோ திருச்சியிலோ தலைக்கவசத்துக்குள் வியர்வை வழிய சிக்னலில் நிற்கும் ஒருவருக்கு இதை நிறுவ ஆய்வு தேவைப்படாது. வண்டிக்குள் மறைந்திருப்பதன் விளைவை 1995-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு அளந்தது. மேற்கூரையைத் திறந்து மூடத்தக்க கார்களை ஓட்டியவர்களில், கூரையை மூடியிருந்தவர்கள் கூரையைத் திறந்திருந்தவர்களைவிட விரைவாகவும், நெடுநேரமும், அதிக முறையும் ஹாரன் அடித்தனர். அடையாளம் மறைக்கப்பட்ட நிலையில் ஒருவருடைய தன்கட்டுப்பாடு தளர்வதை உளவியல் தன்னிழப்பு நிலை என்று குறிக்கிறது.

அடையாளம் மறையும்போது கட்டுப்பாடு தளர்கிறது என்றால், அடையாளத்தை அறிவிப்பவர்கள் அடக்கமாக ஓட்டுவார்களா? கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஸ்லெம்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்மாறான விடையைத் தந்தது. பம்பர் ஸ்டிக்கர், கண்ணாடி ஒட்டுப்படம், உள்ளலங்காரம் என்று வண்டியைத் தமதாக்கும் அடையாளங்கள் மிகுதியாக உள்ளவர்கள், சாலையில் கோபத்தை வண்டியின் மூலமே வெளிப்படுத்துவதாகச் சொல்வதும் மிகுதியாக இருந்தது. ஸ்டிக்கரில் எழுதியிருந்தது அன்பா அதட்டலா என்பது பொருட்டாக இருக்கவில்லை. வண்டி என்னும் சொந்த எல்லையை அழுத்தமாக வரைந்துகொள்பவர், பொதுச்சாலையிலும் அந்த எல்லையைக் காக்கப் புறப்பட்டுவிடுகிறார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சென்னையில் 2024 மே 2 முதல், சொந்த வாகனங்களில் தொழிலையும் துறையையும் குறிக்கும் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ போன்ற ஸ்டிக்கர்களை உரிமையின்றி ஒட்டுவதற்குப் போக்குவரத்துக் காவல்துறை தடை விதித்தது, அவை தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கவே. ஆனால் இங்கே ஒட்டப்படும் ஸ்டிக்கர் எல்லையை மட்டும் வரைவதில்லை; வண்டிக்குள் இருப்பவரை எதிர்த்தால் பின்னால் யார் வருவார்கள் என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. கொலராடோ ஆய்வில் காணமுடியாத ஒரு பரிமாணம் இது.

இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை மூடிய கார்கள் ஓடும் நாடுகளில் நடந்தவை என்பதை மறக்கலாகாது. இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். இரண்டு வண்டிகள் சிக்னலில் நிற்கும்போது இடையே கண்ணாடி இல்லை; முகம் தெரிகிறது, சொல் கேட்கிறது, கை எட்டுகிறது. முகம் தெரிவதால் சமாதானம் எளிதாகும் வாய்ப்பும் உண்டு, சொல்லுக்கும் அடிக்கும் இடையே உள்ள தொலைவு குறைந்துபோகும் இடரும் உண்டு. இந்தியச் சாலைச் சண்டைகள் பார்ப்பவர்கள் கூடக் கூட வளர்வதற்கு, பின்வாங்குவது தோல்வியாகிவிடும் என்ற மானப்பிரச்சினையும் காரணமாகலாம். மேற்கத்திய முடிவுகளை அப்படியே இங்கே பொருத்திவிட இயலாது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

குப்பையின் உளவியல் சினத்தின் உளவியலைவிட அமைதியானது, ஆனால் குறைந்த ஆர்வத்துக்குரியது அன்று. ராபர்ட் சியால்டினி, ரேமண்ட் ரெனோ, கார்ல் கால்கிரன் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனை ஒன்றின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் நடந்தது. தம் காருக்குத் திரும்புபவர்கள், முன் கண்ணாடியில் துண்டறிக்கை ஒன்று செருகப்பட்டிருப்பதைக் காண்பார்கள்; அதைத் தரையில் போடுகிறார்களா என்பதே கேள்வி. தரை முன்கூட்டியே துப்புரவாக்கப்பட்டிருந்தபோது 14 விழுக்காட்டினரும், குப்பை இறைக்கப்பட்டிருந்தபோது 32 விழுக்காட்டினரும் போட்டனர். இதுவரை எதிர்பார்க்கத்தக்கதே. வேறு சில முறைகளில், அவர்கள் கண்ணெதிரே ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஒருவர் துண்டறிக்கையைத் தரையில் எறிந்து நடந்தார். குப்பை நிறைந்த தரையில் அவர் எறிந்ததைக் கண்டவர்களில் 54 விழுக்காட்டினர் தாமும் எறிந்தனர். துப்புரவான தரையில் அவர் எறிந்ததைக் கண்டவர்களிலோ எறிந்தவர்கள் வெறும் 6 விழுக்காட்டினர். ஒரே செயல் ஓரிடத்தில் அனுமதியாகவும் மற்றோரிடத்தில் அருவருப்பாகவும் மாறிவிட்டது. பெரும்பாலோர் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை விவரிப்பு நெறி என்றும், எது ஏற்கத்தக்கது என்று கருதப்படுகிறது என்பதை விதிப்பு நெறி என்றும் இவர்கள் பிரித்தனர். ஒரு கணத்தில் எந்த நெறி மனத்தின் கவனத்துக்கு வருகிறதோ அதுவே செயலைத் தீர்மானிக்கிறது.

இதைவிட அதிர்ச்சி தருவது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் கீஸ் கெய்சரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனை. சந்து ஒன்றில் நிறுத்தப்பட்ட சைக்கிள்களின் கைப்பிடியில் விளம்பரத்தாள் கட்டப்பட்டது. சுவர் துப்புரவாக இருந்தபோது 33 விழுக்காட்டினர் தாளைத் தரையில் எறிந்தனர் அல்லது மற்றொரு சைக்கிளில் மாட்டினர். கிறுக்கக் கூடாது என்ற அறிவிப்பை மீறிச் சுவரில் கிறுக்கப்பட்டிருந்தபோது அவ்வாறு செய்தவர்கள் 69 விழுக்காட்டினர். ஒரு விதி மீறப்பட்டிருப்பதைக் கண்டதும், அதனோடு தொடர்பற்ற வேறொரு விதியின் பிடியும் தளர்ந்தது. எல்லாரும் சிவப்பு விளக்கைத் தாண்டும் சந்திப்பில் குப்பை எறிவதும் எளிதாகும் என்று இதிலிருந்து ஊகிப்பது மிகையாகாது.

ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் குப்பைக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு: எறிந்தவர் அதை மீண்டும் காண்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்ந்துவிடுவதால், பாட்டில் தரையில் விழுந்து நிற்பதற்குள் எறிந்தவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். வண்டியின் உட்பகுதி மட்டும் துப்புரவாகிறது. சிகரெட்டின் வடிகட்டி பஞ்சு போலத் தோன்றினாலும், அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக் இழை. எளிதில் மக்காததோடு, உறிஞ்சிவைத்த நிகோட்டினையும் உலோகங்களையும் மழைநீரில் கசியவிடுகிறது. அணையாத துண்டு கோடையில் சாலையோரக் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். மலைச்சாலைக் கொண்டையூசி வளைவுகளில் எறியப்படும் தின்பண்டங்கள் குரங்குகளைச் சாலைக்கு வரவழைத்துச் சக்கரங்களுக்கு இரையாக்குகின்றன. எறிபவர்களில் பலர் அதை உயிர்நேயம் என்றே நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்தச் சிக்கலை அணுகிய விதம் இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. சாலையோரக் குப்பையை அள்ளுவதற்கே ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் செலவான நிலையில், எறிபவர்கள் யார் என்று அம்மாநில நெடுஞ்சாலைத் துறை ஆராயச் செய்தது. பிக்கப் ட்ரக் ஓட்டும் இளம் ஆண்களே முதன்மையானவர்கள் என்று தெரியவந்தது. தூய்மை, அழகு, கண்ணீர் ஆகியவற்றைப் பேசும் வழக்கமான விளம்பரங்கள் இவர்களைத் தொடவே இல்லை. 1986-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், காட்டன் பவுல் கால்பந்துப் போட்டியின் தொலைக்காட்சி ஒளிபரப்பின்போது, கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் தோன்றிய விளம்பரம் வெளியாயிற்று. டெக்சாஸிடம் வாலாட்டாதே என்ற பொருள்படும் வீறாப்பான முழக்கமே அதன் செய்தி. குப்பை போடாதே என்ற அறிவுரையை மண்ணின் மானத்தைக் காக்கும் வீரமாக அது மாற்றிவிட்டது. 1990-க்குள் சாலையோரக் குப்பை 72 விழுக்காடு குறைந்ததாக அத்துறை அறிவித்தது. இந்த முழு வீழ்ச்சியையும் ஒரு முழக்கத்தின் கணக்கில் எழுதுவது மிகையாகலாம். ஆனால் முகமற்ற சாலையை ‘நம்முடையது’ ஆக்கியதில் அதற்குப் பங்குண்டு என்பதை மறுப்பது கடினம்.

மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை ஹாரனுக்கு எதிராகக் கையாண்ட உத்தி வேறு திசையிலானது. 2020 ஜனவரியில் வெளியான காணொளியால் உலகப் புகழ்பெற்ற அந்த ஏற்பாட்டில், சில சந்திப்புகளின் சிக்னல்களோடு ஒலியளவி இணைக்கப்பட்டது. ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் வினாடிக்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. வேடிக்கையும் புத்திசாலித்தனமும் கலந்த ஏற்பாடுதான். எனினும் ஒருவர் அடித்த ஹாரனுக்கு நூறு பேர் காத்திருக்க நேர்ந்தது. அடிக்காதவர் தம் பொறுமைக்குப் பரிசு எதையும் பெறவில்லை. அருகில் நிற்பவரை அதட்டி அடக்கும் சமூக அழுத்தம் இதனால் உருவாகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கோபத்தைத் தணிக்கும் கருவியே புதிய கோபத்தைக் கிளறவும் கூடும்.

சூழல், வெப்பம், மறைவு, பிறர் நடத்தை என்று இத்தனை காரணங்கள் அறிவியலால் எடுத்துக்காட்டப்பட்ட பின், தனிமனிதப் பொறுப்புக்கு என்ன எஞ்சுகிறது என்ற கேள்வி எழும். கொலராடோவின் ஜெர்ரி டெஃபன்பாக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் ஓட்டுநர் சினத்தை அளக்க 33 சூழ்நிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். பகைமைச் சைகை, பிறருடைய விதிமீறல், காவலர் இருப்பு, மந்தமான ஓட்டம், நாகரிகமின்மை, போக்குவரத்துத் தடைகள் என்று ஆறு பிரிவுகளில் அவை அடங்கும். இவ்வளவுகோலில் உயர்மதிப்பெண் பெற்றவர்கள் காலியான சாலையில் மற்றவர்களைப் போலவே ஓட்டினர். தடைகள் மலிந்த சாலையில்தான் வேறுபட்டனர் என்பதை ஓட்டுப் பாவனைக் கருவிச் சோதனைகள் காட்டின. சினம் ஒருவருக்குள் நிலையாகக் கிடக்கும் பொருளன்று, குறிப்பிட்ட ஒருவரும் குறிப்பிட்ட சூழலும் சந்திக்கும் இடத்தில் பிறப்பது என்பதே இதன் பொருள். அவ்வாறாயின் சந்திப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே இருக்கிறது. நெரிசல் நேரத்தை அறிந்தும் பத்து நிமிடம் பிந்திக் கிளம்புவது, தூக்கமின்றி ஓட்டுவது, வீட்டுச் சண்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சாவியை எடுப்பது ஆகியவை அனைத்தும் சினம் எழாத வேளையில், நிதானமாக எடுக்கப்படும் முடிவுகள். எளிதில் சினம் கொள்ளும் ஓட்டுநர்களுக்குத் தசைத்தளர்ச்சிப் பயிற்சியும், எதிராளியின் செயலுக்கு வேறு விளக்கம் தேடும் சிந்தனைப் பயிற்சியும் அளித்தபோது சினம் குறைந்ததை டெஃபன்பாக்கர் குழு பதிவு செய்திருக்கிறது.

கத்தித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா அமர்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு எழுந்தனர். மூடிய காருக்குள் யாருக்கும் கேட்காமல் திட்டித் தீர்ப்பது தீங்கற்ற வடிகால் என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

தனிமனிதப் பொறுப்பு பற்றிய கேள்வியைச் சட்டம் தன் வழியில் எதிர்கொண்டிருக்கிறது. 1988 டிசம்பரில் பஞ்சாபின் பாட்டியாலாவில், சாலையில் வழிவிடுவது பற்றிய தகராறில் தாக்கப்பட்ட 65 வயதான ஒருவர் உயிரிழந்த வழக்கில், கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து குற்றம் சாட்டப்பட்டார். 1999-இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் காயம் விளைவித்த குற்றத்தை மட்டும் ஏற்று 1,000 ரூபாய் அபராதத்தோடு முடித்தது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் மறுஆய்வில் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலிமை மிக்கவருடைய கையே ஆயுதமாகக் கூடும் என்று அத்தீர்ப்பு கருதியது. வலிமை கூடுமிடத்தில் அடக்கமும் கூட வேண்டும் என்ற இந்தத் தர்க்கத்தை, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகைத் தம் உடலாக உணரும் ஓட்டுநருக்கு நீட்டிப்பதில் தடை ஏதுமில்லை.

குப்பை வழக்குகளில் சட்டத்துக்கு நெடுநாள் இருந்த இடர்ப்பாடு, எறிந்த கை யாருடையது என்று மெய்ப்பிப்பது. காரில் நால்வர் இருந்தால் நால்வரும் மறுக்கலாம். இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல், லண்டனுக்கு வெளியேயும், வண்டியிலிருந்து குப்பை எறியப்பட்டால் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கே உள்ளாட்சி அமைப்பு தண்டத்தொகை விதிக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. லண்டனில் அதற்கு முன்பே இத்தகைய ஏற்பாடு இருந்தது. எறிந்தவர் வேறொருவராக இருக்கலாம் என்பது தெரிந்தேதான் இவ்விதி இயற்றப்பட்டது. தம் வண்டிக்குள் என்ன நடக்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உடையவர் அதற்கு விடைசொல்லவும் கடமைப்பட்டவர் என்பது அதன் அடிப்படை. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்திலும், குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவர் யார் என்பதைத் தெரிவிக்கும் கடமையை 133-ஆம் பிரிவு உரிமையாளர் மீது சுமத்துகிறது. 2019-இல் திருத்தப்பட்டபோது சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: சிறார் ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்பட்டு, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். தமக்குத் தெரியாமல் வண்டி எடுக்கப்பட்டது என்பதையோ, அதைத் தடுக்க உரிய முயற்சி எடுத்ததையோ மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே.